தொழிலாளியின் வாக்குமூலம் யார் பெட்டியில்?

(கம்பத்தில் பஞ்சாலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் சங்க ஊழியர்களிடையே ஆற்றிய உரை)



ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் போய்வரும் பெண்களின் பேச்சையும், நூல் மில்லில் ராத்திரி ஷிப்டு பார்க்கும் பெண்களின் பேச்சையும் வீடியோவில் பதிவு செய்வதென்று நமது சங்கங்கள் முடிவு செய்திருக்கின்றன. படம் பிடிப்பதில் சிரமம் ஒன்றுமில்லை. செல்போன் இல்லாத வீடு இன்று அபூர்வம். சிரமம் அதற்கப்புறம்தான் ஆரம்பிக்கிறது. அறுபது பேரிடம் ஆளுக்கு ஒரு மணி நேரம் பேசினால் அறுபது மணி நேரப் படம் கையில் நிற்கும். நாளைக்குத் தொழிலாளர் துறை அதிகாரி முன்னால் போய் உட்காருகிறோம். "ஒரு ஜீப்பில் இத்தனை பேரை ஏற்றுகிறார்கள் என்று யார் சொன்னது? என்றைக்குச் சொன்னது?" என்று அவர் கேட்பார். அறுபது மணி நேரத்தையும் ஓடவிட்டா காட்டுவது?

இந்தக் காரியத்துக்கென்றே மென்பொருள்கள் இருக்கின்றன. பல்கலைக்கழகங்களில் ஆராய்ச்சி செய்கிறவர்கள் உபயோகிக்கிறார்கள். அவற்றில் எதை எடுப்பது என்று இளம் தோழர்கள் கேட்டார்கள். ஆளுக்கு ஒரு பெயர் சொல்கிறார்கள். விலை உள்ளதுதான் உருப்படி என்கிறார் ஒருவர். இலவசமாகக் கிடைக்கும்போது பணம் எதற்கு என்கிறார் இன்னொருவர். நான் பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன். ஆனாலும் இது கம்ப்யூட்டர் படித்தவர்களிடம் தள்ளிவிடக் கூடிய விஷயம் அல்ல என்பது என் அபிப்பிராயம். ஒரு பெண் நம்மை நம்பி வாய் திறக்கிறார். அவருடைய பேச்சு யாருடைய பெட்டியில், யாருடைய பூட்டுக்குள் இருக்கப் போகிறது? இதைத்தான் நாம் தீர்மானிக்க வேண்டும். மற்றதெல்லாம் அதற்கு அடுத்தது.

எண்ணிக்கை சொல்லாத சங்கதி

காலையில் இருட்டோடு எத்தனை ஜீப் கம்பம்மெட்டு ஏறுகிறது, எத்தனை ஜீப் போடிமெட்டு ஏறுகிறது என்பதை ரோட்டோரம் நின்று எண்ணிவிடலாம். அதுவும் வேண்டியதுதான். ஆனால் ஆள் நிரம்பி வழியும் ஜீப் என்று கண்ணால் பார்த்தும் அந்தப் பெண் ஏன் அதில் ஏறுகிறார்? அடுத்த ஜீப்புக்கு நின்றால் அன்றைய கூலி போய்விடுமா? முன்பணம் வாங்கிய கடன் இருக்கிறதா? மேஸ்திரி மறுநாள் கூப்பிடமாட்டார் என்ற பயமா? இதற்கு எண்ணிக்கை பதில் சொல்லாது. அவர் சொன்னால்தான் உண்டு. இப்படிச் சொல்லக் கேட்டு, சொன்னதைப் பிரித்துப் பார்த்து, காரணம் காணும் முறைக்குப் பண்புசார் ஆய்வு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பெயர்தான் பெரிது. பிராதுக்கு ஆதாரம் திரட்டும் எந்தச் சங்க ஊழியனுக்கும் பழக்கமான வேலைதான்.

நமக்கு இது புதிதும் அல்ல. 1880-ல் மார்க்ஸ் பிரெஞ்சுத் தொழிலாளர்களுக்கென்று ஏறத்தாழ நூறு கேள்விகள் கொண்ட தாள் ஒன்றைத் தயாரித்தார். 25,000 பிரதிகள் அச்சிட்டு நாடெங்கும் அனுப்பினார்கள். வேலை நேரம், இயந்திரத்தால் வரும் ஆபத்து, கூலி கொடுக்கும் முறை, வீட்டு வாடகை என்று எல்லாவற்றையும் கேட்டிருந்தார்கள். தொழிலாளியின் துன்பத்தைத் தொழிலாளிதான் முழு அறிவோடு விவரிக்க முடியும் என்பது அதன் அடிப்படை. ஆனால் திரும்பி வந்த பதில்கள் மிகச் சொற்பம். பன்னிரண்டு மணி நேரம் உழைத்துவிட்டு வந்தவன் ராத்திரியில் விளக்கேற்றி நூறு கேள்விக்குப் பதில் எழுதுவானா? இன்று அந்தத் தடை இல்லை. எழுதத் தெரியாதவரும் பேசலாம். பாத்திரம் கழுவிக்கொண்டே பேசலாம். வாங்குவது சுலபமாகிவிட்டது, வாங்கியதைப் படித்தெடுப்பது கஷ்டமாகிவிட்டது. கருவி தேவைப்படுவது இந்த இடத்தில்தான்.

நம் பள்ளத்தாக்கைப் பற்றி எழுதப்பட்ட ஏடுகளுக்குக் குறைவில்லை. வெள்ளைக்காரன் காலத்தில் குற்றப் பரம்பரைச் சட்டம் இங்கே எத்தனை குடும்பங்களின் கைரேகையை எடுத்தது என்பது உங்கள் தாத்தாக்களுக்குத் தெரியும். ரேகைச் சட்டம் என்றே அதற்குப் பெயர். அந்த ரிஜிஸ்தர்களில் இருந்ததெல்லாம் ஜனங்களைப் பற்றிப் போலீஸ் எழுதியது. ஜனங்கள் தங்களைப் பற்றிச் சொன்னது அதில் இல்லை. பிற்காலத்தில் அமெரிக்காவில் வேலை பார்க்கும் ஆனந்த் பாண்டியன் என்ற மானிடவியலாளர் கம்பம் பள்ளத்தாக்கிலேயே தங்கி, பெரியவர்களிடம் பேசி, பழைய தஸ்தாவேஜுகளையும் புரட்டி, 2009-ல் ஆங்கிலத்தில் ஒரு புத்தகம் கொண்டுவந்தார். சர்க்கார் ஏட்டையும் ஜனங்களின் வாய்ச்சொல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த புத்தகம் அது. அந்தக் காரியத்தை நாமே செய்ய முடியாதா என்பதுதான் என் ஆசை.

ஆலைப் பெண்கள் விஷயத்திலும் இதுதான் நடந்தது. "சுமங்கலித் திட்டம்" என்ற பெயரில் இளம் பெண்களை மில் விடுதியில் வைத்து வேலை வாங்கிய கதை 2011-லும் 2014-லும் நெதர்லாந்து நாட்டு அமைப்புகள் வெளியிட்ட அறிக்கைகளில் வந்தது. தொழிலாளர்களைச் சந்தித்துப் பேசித்தான் அவை தயாராயின. துணி வாங்கும் அந்நியக் கம்பெனிகள் பதில் சொல்லும்படி ஆயிற்று. பக்கத்துத் திண்டுக்கல்லில் 2021-ல் ஒரு பெண் தொழிலாளி கொல்லப்பட்ட பின், தொழிலாளர்களின் வாக்குமூலங்களைத் திரட்டி விசாரணை நடந்தது. 2022-ல் பாலியல் தொல்லைக்கு எதிரான ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. திண்டுக்கல் ஒப்பந்தம் என்று உலகமெங்கும் அதைச் சொல்கிறார்கள். வாய்ச்சொல்லுக்கு இவ்வளவு பலம் இருக்கிறது. முறையாக எடுத்து, முறையாகப் பாதுகாத்தால்!

வீடியோ எதற்கு?

எழுதிக்கொண்டால் போதாதா, வீடியோ எதற்கு என்று ஒரு மூத்த தோழர் கேட்டார். நியாயமான கேள்வி. ஒரு அம்மாவிடம், "வாரக் கூலி முழுசாக் குடுத்துர்றாங்களாம்மா?" என்று கேட்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் நாலு விநாடி சும்மா இருக்கிறார். வாசல் பக்கம் ஒரு தடவை பார்க்கிறார். பிறகு, "அதெல்லாம் குடுத்துர்றாங்க தம்பி" என்கிறார். எழுதிக்கொண்டவர் நோட்டில் "கூலி முழுமையாகக் கிடைக்கிறது" என்றுதான் இருக்கும். வீடியோவில் அந்த நாலு விநாடியும் இருக்கும், வாசலைப் பார்த்ததும் இருக்கும். வாசலில் யார் நின்றார்கள் என்று பிறகு விசாரிக்கலாம்.

ஆனால் ஒன்று. அந்த நாலு விநாடியைக் குறித்து வைக்க இடமில்லாத கருவியை எடுத்தால், வீடியோ பிடித்ததே வீண். வார்த்தையை மட்டும் பிடிக்கும் கருவி, மௌனத்தையும் பார்வையையும் பிடிக்கும் கருவி என்று இரண்டு ஜாதி உண்டு. முதலில் இதைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

கருவிகளின் கதை

இந்த மென்பொருள்கள் பிறந்த கதை சுவாரஸ்யமானது. 1980-களின் ஆரம்பத்தில் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் லின் ரிச்சர்ட்ஸ் என்ற சமூகவியல் அம்மையார் பேட்டிகளைக் கத்தரித்துக் கத்தரித்து அட்டைகளில் ஒட்டி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். கணவர் டாம் ரிச்சர்ட்ஸ் கம்ப்யூட்டர் அறிஞர். மனைவியின் கஷ்டத்தைப் பார்த்து அவர் ஒரு புரோகிராம் எழுதினார். அதன் வம்சத்தில் வந்ததுதான் இன்று பிரபலமாக இருக்கும் என்விவோ. பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 1989 முதல் 1992 வரை நடந்த ஆராய்ச்சியிலிருந்து அட்லஸ் டிஐ வந்தது. மாக்ஸ்கியூடிஏ என்பதும் ஜெர்மனியில் பிறந்ததுதான். வீடியோவுக்கென்றே அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் டிரான்சானா என்று ஒன்று செய்தார்கள்.

குடிசைத் தொழிலாகப் பிறந்தவை எங்கே போய்ச் சேர்ந்தன? 2024-ல் அட்லஸ் டிஐ-யை லூமிவெரோ என்ற கம்பெனி வாங்கியது. என்விவோ ஏற்கெனவே அந்தக் கம்பெனியிடம்தான் இருந்தது. நேற்றுவரை போட்டி போட்ட இரண்டு பெயர்களுக்கும் இன்று ஒரே முதலாளி. இது கெட்ட கருவி என்று நான் சொல்லவரவில்லை. வேலை நன்றாகத்தான் நடக்கும். பல்கலைக்கழகம் சந்தா கட்டினால் மாணவன் சந்தோஷமாக உபயோகிக்கலாம். ஆனால் பெரும்பாலும் ஆண்டுச் சந்தா. சந்தா தீர்ந்த மறுநாள் உங்கள் குறிப்புகளில் நீங்களே வேலை செய்ய முடியாது. நமது சங்கத்தில் இந்த வருஷம் லெவி வசூல் எப்படி என்று பொருளாளர் தோழரின் முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது!

திருட்டுக் காப்பி போட்டுக்கொண்டால் என்ன என்று பின்வரிசையில் ஒரு குரல் கேட்டது. வேண்டாம் தோழரே. பூட்டு உடைத்த சாப்ட்வேரோடு வைரஸும் உள்ளே வரும். தொழிலாளியின் வாக்குமூலம் இருக்கும் கம்ப்யூட்டரில் எவனென்று தெரியாதவன் வைத்த கதவு எதற்கு? நம் மேல் வழக்குப் போடக் காரணம் தேடுகிறவனுக்கு அதை நாமே எடுத்துக் கொடுக்கவும் வேண்டாம்.

எதை எடுக்கலாம்?

நெதர்லாந்தில் நைமேகன் என்ற ஊரில் மாக்ஸ் பிளாங்க் மொழி உளவியல் நிறுவனம் இருக்கிறது. அழிந்துவரும் மொழிகளையும் சைகை மொழிகளையும் வீடியோவில் பதிந்து ஆராய்வதற்காக அவர்கள் ஒரு கருவி செய்தார்கள். எலான் என்று பெயர். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம், அந்தக் கோடீஸ்வரருக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது. இலவசம். மூலநிரல் திறந்தே இருக்கிறது. லினக்ஸிலும் ஓடும், விண்டோஸிலும் ஓடும். இன்டர்நெட் இல்லாமலே ஓடும்.

மேலே படம் ஓடுகிறது. அதற்குக் கீழே சத்தத்தின் அலை கோடாகப் போகிறது. அதற்கும் கீழே கோடு போட்ட நோட்டுப் போல வரிசை வரிசையாக அடுக்குகள். எத்தனை அடுக்கு வேண்டுமானாலும் நீங்களே போட்டுக்கொள்ளலாம். முதல் அடுக்கில் அந்த அம்மா சொன்னது. இரண்டாவதில் கேட்டவர் சொன்னது. மூன்றாவதில் மௌனம், பார்வை, கைச்சாடை. நாலாவதில் நாம் வைக்கும் சீட்டு. எல்லாம் இன்ன நிமிஷம், இன்ன விநாடி என்று படத்தோடு கட்டிப் போட்டிருக்கும். அந்த வரியைத் தொட்டால் அந்த விநாடி ஓடும். அதிகாரி கேட்ட கேள்விக்கு அரை நிமிஷத்தில் பதில் காட்டலாம்.

எனக்கு இதில் முக்கியமாகப் பட்டது வேறொன்று. எலான் உங்கள் படத்தை விழுங்கிக்கொள்வதில்லை. படம் படமாகவே தனியே இருக்கிறது. நீங்கள் எழுதியது சின்னதாகத் தனி பைலில் இருக்கிறது. அந்தப் பைலை எந்தச் சாதாரண எடிட்டரிலும் திறந்து படிக்கலாம். நாளைக்கு எலானே இல்லாமல் போனாலும் நீங்கள் எழுதியது போகாது.

சீட்டு வைப்பது என்றேன். அதைக் கோடிங் என்கிறார்கள். "முன்பணம்", "ஜீப்", "மருந்தடிப்பு", "கழிப்பிடம்", "மேஸ்திரி" என்று நாம் தலைப்புகள் வைத்துக்கொண்டு, பேச்சில் அந்தந்த இடத்தில் சீட்டை ஒட்டுவது. போடியில் ஏலக்காயைச் சல்லடையில் போட்டு 8 மில்லிமீட்டர், 7 மில்லிமீட்டர் என்று தரம் பிரிப்பதை எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். அதைப் போல என்று சொல்லலாம். ஒரு வித்தியாசம் உண்டு. ஒரு காய் ஒரு சல்லடையில்தான் விழும். ஒரு பேச்சு மூன்று தலைப்பில் விழும். "மருந்தடிச்ச மறுநாளே காட்டுக்குள்ள விட்டுட்டாங்க, முன்பணம் வாங்கிருக்கோம், மாட்டேன்னு சொல்ல முடியல" என்று ஒருவர் சொன்னால் அதில் மருந்தும் இருக்கிறது, கடனும் இருக்கிறது, பயமும் இருக்கிறது. மூன்று சீட்டும் ஒட்ட வேண்டும். பிறகு மருந்தும் கடனும் சேர்ந்து வரும் இடங்களை மட்டும் எடு என்று கேட்டால் கருவி எடுத்துத் தரும். கடன் வாங்கியவர்களைத்தான் மருந்தடித்த காட்டுக்குள் விடுகிறார்களா என்ற கேள்வி அப்போதுதான் நமக்கே தோன்றும்.

இந்தச் சேர்த்துப் பார்க்கும் வேலைக்குக் குவால்கோடர் என்ற இன்னொரு இலவசக் கருவி பொருத்தமாக இருக்கிறது. எழுத்து, போட்டோ, ஒலி, வீடியோ நாலையும் ஒரே இடத்தில் வைத்துச் சீட்டு ஒட்டலாம். வீடியோவை நுணுக்கமாக எழுதி எடுக்க எலான். எழுதி எடுத்தவற்றை ஒன்றாகப் போட்டுப் பார்க்கக் குவால்கோடர். எழுத்து மட்டும்தான் இருக்கிறது என்றால் டாகெட் என்ற எளிய கருவியே போதும். இலவசம் என்றால் மட்டம் என்று நினைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். இந்த மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்து அரசுப் பள்ளிகளில் பல ஆண்டுகளாகப் பிள்ளைகள் இப்படிப்பட்ட சுதந்திர மென்பொருளில்தான் கம்ப்யூட்டர் பழகுகிறார்கள்.

எந்தக் கருவியானாலும், வெளியே போக வழி இருக்கிறதா என்று உள்ளே போகும் முன்பே பார்க்க வேண்டும். ஒரு கருவியில் செய்த வேலையை இன்னொன்றுக்கு மாற்றுவதற்கு ரெஃபி என்ற பொதுத் தரம் 2019-ல் வந்தது. பெரிய கம்பெனிகளின் கருவிகளும் அதை ஏற்றிருக்கின்றன, குவால்கோடரும் ஏற்றிருக்கிறது. பத்துப் பேட்டி முடிந்ததும் ஒரு தடவை வெளியே எடுத்துப் பாருங்கள். அறுபது முடிந்தபின் பார்த்துப் பிரயோஜனமில்லை.

தமிழ் தெரிந்த கருவியா?

கருவியின் மெனு ஆங்கிலத்தில் இருப்பது பெரிய தடை அல்ல. பத்துப் பதினைந்து வார்த்தை, ஒரு ஞாயிற்றுக்கிழமையில் பழகிவிடும். உள்ளே நாம் அடிக்கும் தமிழைக் கெடுக்காமல் வைத்துக்கொள்கிறதா என்பதுதான் பரீட்சை. யூனிகோடு எழுத்தில் மட்டுமே அடியுங்கள். 2010-ல் தமிழ்நாடு அரசே யூனிகோடை ஏற்றுக்கொண்டுவிட்டது. பழைய எழுத்துருக்களில் அடித்த நமது நோட்டீசுகள் இன்று எந்தத் தேடலிலும் அகப்படாமல் கிடக்கின்றன.

தேடலில் இன்னொரு சங்கதி உண்டு. "கூலி" என்று தேடினால் "கூலியை", "கூலிக்கு" எல்லாம் வந்துவிடும். "வீடு" என்று தேடினால் "வீட்டுல", "வீட்டுக்கு" வராது. "காடு" என்றால் "காட்டு வேலை" வராது. எங்கும் காடு இல்லை என்று கம்ப்யூட்டர் சொல்லும். படம் முழுவதும் காடாக இருக்கும்! ஆகவே "காட்டு" என்று தனியாகவும் தேட வேண்டும். தேடலை மட்டும் நம்பாமல் சீட்டு ஒட்டுவதன் அவசியம் இதிலிருந்தே விளங்கும்.

பேச்சைத் தானாகவே எழுத்தாக்கும் இயந்திரங்கள் வந்துவிட்டனவே என்று கேட்பீர்கள். வந்துவிட்டன. 2022-ல் வந்த விஸ்பர் என்பதை நம்முடைய கம்ப்யூட்டரிலேயே வைத்து ஓட்டலாம். ஆனால் ரேடியோச் செய்தி வாசிப்பது போன்ற தமிழுக்கும், நம் பள்ளத்தாக்குத் தமிழுக்கும் தூரம் அதிகம். இங்கே வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள் உண்டு, கன்னடம் பேசுகிறவர்கள் உண்டு, தோட்டத்துக்குப் போனால் மலையாளம் கலக்கும். இயந்திரம் எழுதியதை முதல் நகலாக எடுத்துக்கொண்டு, ஒருவர் உட்கார்ந்து கேட்டுத் திருத்தியாக வேண்டும். கையாலேயே எழுதுவதென்றால் ஒரு மணி நேரப் பேச்சுக்கு நாலு முதல் ஆறு மணி நேரம் ஆகும். பார்வை, மௌனம் எல்லாம் குறித்தால் இன்னும் அதிகம். அறுபது பேட்டி என்பதை இருபதாகக் குறைத்துக்கொண்டு, இருபதையும் ஒழுங்காகச் செய்யலாம் என்பது என் யோசனை. கமிட்டி முடிவு செய்யட்டும்.

ஒரே பேட்டியை இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்துச் சீட்டு ஒட்ட வேண்டும். ஆலைத் தோழர் ஒருவர், விவசாயத் தோழர் ஒருவர். வித்தியாசம் வரும் இடத்தில் உட்கார்ந்து விவாதியுங்கள். அதில்தான் சரக்கு இருக்கும்.

போனில் ஓடும் பேச்சு

வீடியோவோடு, வாட்சப்பிலும் பேஸ்புக்கிலும் யூடியூபிலும் வருவதையும் சேர்த்து ஆராயலாம் என்று தோழர்கள் சொல்கிறார்கள். சேர்க்கலாம். ஆனால் கண் திறந்து சேர்க்க வேண்டும்.

2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு விவகாரம் முற்றியபோது, இடுக்கித் தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர்கள் பிள்ளை குட்டிகளோடு காட்டு வழியாக இறங்கி இந்தப் பள்ளத்தாக்குக்கு வந்தார்கள். அன்று அவர்கள் சொன்னதில் சில வரி பத்திரிகைகளில் இருக்கிறது. மற்றது காற்றோடு போயிற்று. 2021 அக்டோபரில் அதே அணை விவகாரம் மறுபடி கிளம்பியது. இந்தத் தடவை சண்டை செல்போனில் நடந்தது. சினிமா நட்சத்திரங்கள் பதிவு போட்டார்கள், ஆயிரக்கணக்கில் பகிர்ந்தார்கள். அந்தப் பதிவுகளையெல்லாம் ஒரு மென்பொருளில் கொட்டி எண்ணினால் என்ன கிடைக்கும்? நட்சத்திரம் என்ன நினைத்தார், அவருக்கு யார் கைதட்டினார் என்பது கிடைக்கும். காலை இருட்டில் குமுளி ஏறும் பெண் என்ன நினைத்தார் என்பது கிடைக்காது. அவர் பதிவு போடவில்லை. சத்தம் போட்டவனைத்தான் அந்தக் கணக்கு எண்ணும்.

இரண்டாவது, அந்தப் பேச்சு நம்முடைய இடத்தில் நடப்பதில்லை. 2020 ஜூன் 29-ல் டிக்டாக் தடை செய்யப்பட்டது. சரியா தப்பா என்ற விவாதம் வேறு. நம் கிராமங்களில் எத்தனையோ பெண்கள் களையெடுக்கும் இடத்திலிருந்தும் மில் விடுதியிலிருந்தும் ஆடிப் பாடிப் போட்ட படங்களெல்லாம் ஒரே நாளில் நம் கண்ணுக்கு மறைந்துபோயின. பேஸ்புக் பதிவுகளை ஆராய உதவிய கிரவுட்டாங்கிள் என்ற கருவியை அதன் சொந்தக்காரரான மெட்டா கம்பெனி 2024 ஆகஸ்ட் 14-ல் மூடிவிட்டது. இன்று எக்ஸ் என்று பெயர் மாறியிருக்கும் டுவிட்டர், ஆராய்ச்சியாளர்களுக்கு இலவசமாகத் தந்துவந்த வழியை 2023-ல் அடைத்தது. உலகமெங்கும் பெரிய பெரிய பேராசிரியர்களின் ஆராய்ச்சி பாதியில் நின்றது. கம்பெனியின் கிணற்றில் இறைக்கிறவன் அன்றன்றைக்குத் தண்ணீரைத் தன் குடத்தில் ஊற்றிக்கொள்ள வேண்டும். பார்த்த பக்கத்தை, பார்த்த தேதியோடும் முகவரியோடும், உடனே நம் டிஸ்கில் சேமியுங்கள்.

வாட்சப் குழுவில் வந்தது பொதுச்சொத்து அல்ல. நூறு பேர் இருக்கும் குழுவில் ஒரு பெண் தன் கஷ்டத்தைச் சொன்னால் அந்த நூறு பேருக்குச் சொல்கிறார், நமது அறிக்கைக்கு அல்ல. கேட்டு, சரி என்றால்தான் எடுக்க வேண்டும். பொதுவில் போட்ட பதிவானாலும் வார்த்தைக்கு வார்த்தை அச்சிட்டால், அந்த வரியைத் தேடி ஆளைப் பிடித்துவிடுவான். கருத்தை நம் வார்த்தையில் எழுதுங்கள்.

குரலையும் அடையாளம் தெரியும்

முகத்தை மறைத்துவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். பத்து வருஷம் கூட வேலை பார்த்த சூபர்வைசருக்குக் குரல் தெரியும், வளையல் தெரியும், பின்னால் தெரியும் வீட்டுச் சுவர் தெரியும். போனில் லொகேஷன் போட்டிருந்தால் எந்த இடத்தில் எடுத்தது என்பதும் படத்துக்குள்ளேயே ஒளிந்திருக்கும். ஆகவே கேமராவில் அதை முதலில் நிறுத்துங்கள். படத்தை வாட்சப்பில் ஒருவருக்கொருவர் அனுப்பாதீர்கள். தெளிவும் கெடும், எத்தனை போனில் போய்த் தங்கியது என்பதும் தெரியாது. நேரே டிஸ்குக்கு மாற்றிவிட்டுப் போனிலிருந்து அழியுங்கள்.

படத்துக்குப் பெயர் வைக்கும்போது ஆளின் பெயரை வைக்காதீர்கள். எண் வையுங்கள். எந்த எண் யார் என்ற பட்டியல் வேறு இடத்தில், காகிதத்தில், ஒரே ஒருவர் பொறுப்பில் இருக்கட்டும். டிஸ்குகள் இரண்டு, இரண்டும் இரண்டு ஊரில். வெராகிரிப்ட் என்ற இலவசக் கருவியால் இரண்டையும் பூட்டலாம். நல்ல தெளிவில் எடுத்த ஒரு மணி நேரப் படம் ஏறக்குறைய 7, 8 ஜிபி வரும், போனுக்குப் போன் மாறும். அதற்குத் தகுந்த டிஸ்கு வாங்க வேண்டும். நம் பணம் போக வேண்டிய இடம் சாப்ட்வேர் சந்தா அல்ல, இந்த டிஸ்குதான்.

புதிதாக வந்திருக்கும் செயற்கை அறிவு வசதிகளில் ஜாக்கிரதையாக இருங்கள். அட்லஸ் டிஐ 2023-லேயே அப்படி ஒன்றைச் சேர்த்தது. ஒரு பொத்தானை அழுத்தினால் தானே சீட்டு ஒட்டித் தருகிறதாம். அழுத்திய விநாடியில் அந்தப் பெண்ணின் பேச்சு கடல் கடந்து இன்னொரு கம்பெனியின் கம்ப்யூட்டருக்குப் போகிறது. அவர் உங்களிடம் பேசச் சம்மதித்தாரே ஒழிய அதற்குச் சம்மதிக்கவில்லை.

சம்மதம் என்பதை ஒரே கேள்வியாகக் கேட்காதீர்கள். பதிவு செய்யலாமா? சங்கத்துக்குள் போட்டுக் காட்டலாமா? அதிகாரியிடம் காட்டலாமா? வெளியில் போடலாமா? நாலும் நாலு கேள்வி. முதலாவதுக்குச் சரி என்றவர் நாலாவதுக்கு மாட்டேன் என்பார். அவருடைய பதிலையும் அதே வீடியோவில் பதிந்து, எலானில் ஒரு அடுக்கில் குறித்துவிடுங்கள். பிற்பாடு மனம் மாறி அழித்துவிடு என்றால், இரண்டு டிஸ்கிலும் அழிக்க வேண்டும். காரணம் கேட்கக் கூடாது.

போடித் தோழர் ஒரு சந்தேகம் எழுப்பினார்: நிர்வாகத்துக்குச் சாதகமாக ஒரு பெண் பேசினால் அதையும் வைப்பதா? வைக்கத்தான் வேண்டும். சீட்டும் ஒட்ட வேண்டும். முதலாளியின் ஜீப் நல்ல ஜீப், நேரத்துக்குக் கொண்டுவந்து விடுகிறார்கள் என்று ஒருவர் சொன்னால், அந்தத் தோட்டத்தில் முடிவதை மற்றத் தோட்டத்தில் ஏன் செய்யக் கூடாது என்று கேட்க அதுவே நமக்கு ஆதாரம்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு எலான் பழக்குவோம். லேப்டாப் உள்ளவர்கள் சார்ஜரோடும் ஹெட்போனோடும் வாருங்கள். பழகுவதற்கு நம்மையே நாம் பதிவு செய்துகொள்வோம். தொழிலாளியின் பேட்டியை வைத்து யாரும் பழக வேண்டாம். கரண்ட் நின்றால் மதியத்துக்கு மேல் தொடரலாம்.